இடது பக்க ஸ்பீக்கர்

நவம்பர் 10, ஞாயிறு

ஐந்து பெட்டிகளும் நேற்றே மதுரையிலிருந்து வந்துவிட்டன. தொடப் பயந்து கட்டிலுக்கடியில் தள்ளி வைத்திருந்தேன். இன்று ஆராதனை முடிந்து வந்ததும் அத்தான் கத்தியோடு உட்கார்ந்துவிட்டார்.

"உள்ள பாம்பா இருக்கு? பிரிக்காம எப்பிடித் தெரியும்?"

இரண்டு ஸ்பீக்கர், ஒரு மைக், மூன்று சாண் நீளத்தில் ஒரு கீபோர்டு, ஒரு ஹெட்போன். அப்புறம் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்கிற சிவப்புப் பெட்டி, சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிது. மைக்கில் பாடுவது இதற்குள் போய்த்தான் கம்ப்யூட்டருக்குப் போகுமாம். கம்ப்யூட்டரில் இருப்பது இதன் வழியாகத்தான் ஸ்பீக்கருக்கு வருமாம். எனக்கு மிக்ஸியில் மூன்றாவது ஸ்பீடு போடவே பயம். இதை எப்படிக் கட்டி மேய்க்கப்போகிறேனோ.

டிசம்பர் 22 கிறிஸ்துமஸ் கேரல் சர்வீஸ். பாளையங்கோட்டையில் எங்கள் சபைக்கு இது நூற்றைம்பதாவது வருடம். பாடகர் குழுவான கொயரில் நாற்பது பேர், அதில் பாதிப் பேர் சென்னை, கோவை, மஸ்கட் என்று இருக்கிறார்கள். கடைசி வாரம்தான் வந்து சேருவார்கள். வீட்டிலிருந்தே படித்துக்கொண்டு வர அவரவர் பாட வேண்டிய பார்ட்டைப் பதிவுசெய்து அனுப்ப வேண்டும். போன வருடம்வரை செய்து கொடுத்த ஸ்டூடியோக்காரர் கடையை மூடிவிட்டு மகனோடு கனடா போய்விட்டார். "ஹெப்சிபாம்மா, ஒங்களுக்குத்தான் காது இருக்கே, நீங்களே வீட்ல செஞ்சிருங்க" என்று ஐயர் சொல்லிவிட்டார். எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம்.

காது இருக்கிறது, உண்மைதான். நாற்பது பேர் பாடும்போது யார் அரை சுரம் இறங்குகிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பத்தொன்பது வருடமாக நான் கொயர் மாஸ்டராக இருப்பது அதனால்தான். என் குரல் சுமார், குணம் அதைவிடச் சுமார். கொயரில் பாடும் ஐரின் இதை என் முகத்துக்கு நேரே சொல்வாள்.

நவம்பர் 12, செவ்வாய்

பாட்டைப் பதிவுசெய்யும் சாஃப்ட்வேரை இறக்க நான்கு மணி நேரம். அது ஒரு பாஸ்வேர்டு கேட்டது. பியானோ சத்தம் தரும் பிளகின் இன்னொரு பாஸ்வேர்டு கேட்டது. பிளகின் என்றால் சாஃப்ட்வேருக்குள் சொருகுகிற குட்டி சாஃப்ட்வேர். தேவாலயத்துக்குள் பாடுவதுபோல எதிரொலி கொடுக்க ஒன்று, இரைச்சலை எடுக்க ஒன்று. மூன்றாவது பாஸ்வேர்டு கேட்டபோது கம்ப்யூட்டரைத் தூக்கித் தெருவில் போட்டிருப்பேன். அத்தான்தான் மின்வாரியக் காலண்டரின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதி வைத்தார்.

நவம்பர் 14, வியாழன்

கீபோர்டில் ஒரு கட்டையை அமுக்கினால் சத்தம் அரை நொடி கழித்து வருகிறது. இதையெல்லாம் அனுப்பிய கடைக்கார ஹக்கீமுக்குப் போன் போட்டேன். பஃபர் என்று ஓர் எண் இருக்கிறதாம், குறைக்கச் சொன்னார். குறைத்தேன். சத்தம் உடனே வந்தது, கூடவே அப்பளம் நொறுக்குவதுபோல ஒரு சத்தமும் வந்தது. கொஞ்சம் கூட்டினேன். சரியாகிவிட்டது. நான் செய்தேன், நானே செய்தேன்.

நவம்பர் 16, சனி

இன்று நல்ல நாள், எழுதியே ஆகவேண்டும். பெண்களின் மேல் குரலான சோப்ரானோவும் கீழ்க் குரலான ஆல்ட்டோவும் நான் பாடினேன். ஆண்களின் கீழ்க் குரலான பேஸ் அத்தான் பாடினார், கொயரில் அவர் அந்த வரிசைதான். ஆண்களின் மேல் குரலான டெனருக்கு ஆளில்லை, பியானோவில் வாசித்தேன். அவரவர் பார்ட் இடது காதில், மற்ற மூன்றும் வலது காதில், இதுதான் வழக்கம். இயர்போனில் கேட்கிறவர் இடது காதைப் பிடித்துக்கொண்டு பாடினால் போதும்.

இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்கார்ந்து கேட்டேன். இடது பக்கம் நான், வலது பக்கம் அத்தான். அவர் வரிக்கு முன்னால் மூச்சிழுப்பதுகூடக் கேட்டது. "இப்பிடியா மூச்சு வாங்குதேன்?" என்று கேட்டார். இருபத்து மூன்று வருடமாகப் பக்கத்தில் படுக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது.

நவம்பர் 18, திங்கள்

நேற்றுத் தலைக்குக் குளித்தேன். இடது காதில் தண்ணீர் நின்றுவிட்டது போல, அடைத்துக்கொண்டிருக்கிறது.

அதிகாலையிலேயே பாட்டுப் பேப்பரோடு உட்கார்ந்திருந்தேன். அத்தான் காபியை மேசையில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். காலையிலேயே என்ன கோபமோ.

மாலையில் இடது பக்க ஸ்பீக்கர் மங்கிவிட்டது. பத்து நாள்கூட ஆகவில்லை! ஹக்கீமைக் கூப்பிட்டுக் கத்தினேன். "டென்ஷன் ஆகாதீங்க மேடம், வயர் லூசா இருக்கும்" என்றார்.

நவம்பர் 19, செவ்வாய்

ஹக்கீம் சொன்னபடி இரண்டு வயரையும் மாற்றினேன். மாற்றமில்லை. ஸ்பீக்கரையே இடம் மாற்றச் சொன்னார். கெட்டுப்போன ஸ்பீக்கரை வலது பக்கம் வைத்தேன், கணீரென்று பாடியது. நேற்றுவரை நன்றாக இருந்ததை இடது பக்கம் வைத்தேன், அது மங்கிவிட்டது.

அப்படியானால் ஸ்பீக்கரில் கோளாறில்லை, அறையில்தான். இடது பக்கச் சுவர் சுடாத மண்கல்லில் கட்டிய பச்சைச் சுவர், சத்தத்தை உறிஞ்சுகிறது. பீரோவை நகர்த்தி, கட்டில் மெத்தையையும் தூக்கி வெளியே போட்டோம். மேசையையே திருப்பிக் கிழக்குச் சுவர்ப் பக்கம் போட்டோம். அங்கேயும் இடது பக்கம்தான் மங்கல். இந்த வீட்டுக்கே இடது பக்கம் சரியில்லை.

காதில் தேங்காயெண்ணெய் விட்டேன்.

நவம்பர் 20, புதன்

ரொம்ப நாளைக்குப் பிறகு நல்ல தூக்கம். வலது பக்கமாகத் திரும்பிப் படுத்தேன், ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. பால்காரர் மூன்று தடவை பெல் அடித்தாராம்.

நவம்பர் 21, வியாழன்

புதிதாக ஒரு தொல்லை. கூ... என்று மெல்லிய இரைச்சல், பிரஷர் குக்கர் விசில் வரப் போவதற்கு முன் வருமே, அது மாதிரி. பாட்டை நிறுத்தினாலும் நிற்கவில்லை. இரைச்சல் எடுக்கும் பிளகினைப் போட்டேன், நகர மாட்டேன் என்கிறது. எர்த் சரியில்லாவிட்டால் இப்படி இரையும் என்று எங்கோ படித்தேன். அத்தானுக்கு மின்வாரியத்தில் ஃபோர்மேன் வேலை. மீட்டரை எடுத்து வந்து எல்லாப் பிளக்கிலும் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"என்ன, எர்த் இல்லைல்லா?"

"பாக்கணும்" என்றார்.

"எனக்குக் கேக்கே. ஒங்களுக்குக் கேக்கலியா?"

"லேசா" என்றார்.

நவம்பர் 22, வெள்ளி

ஹக்கீம் போனில், "மேடம், கடைசியா ஒண்ணு. ஹெட்போன மாட்டி ஒரு பாட்டக் கேளுங்க. அப்புறம் அத அப்படியே திருப்பி, இடத வலதா மாத்தி மாட்டிக் கேளுங்க. மங்கல் வலது பக்கம் வந்துட்டா எங்க பொருள்ல தப்பு. வரலன்னா..." என்று இழுத்தார்.

"பாத்துட்டேன். வலது பக்கம் வந்துட்டு" என்றேன்.

"அப்ப இன்டர்ஃபேஸ்தான். வேற அனுப்புறேன் மேடம், திங்கக்கிழமை வந்துரும்."

நான் ஹெட்போனைத் திருப்பிப் பார்க்கவில்லை. வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருக்க நேரமில்லை. எப்படியும் மாற்றித்தானே கொடுக்கப்போகிறார்.

நவம்பர் 23, சனி

உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி. மாடிப்படி ஏறும்போது தரை சாய்ந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டேன். சாப்பிடாமல் வந்தது தப்பு.

ஐரின் சோப்ரானோ வரிசைக்குத் தலைவி, எனக்கு இடது கைப்பக்கம் நிற்பாள். பாதியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். முடிந்ததும் எதிரே வந்து நின்றாள்.

"அக்கா, நாலு தரம் கூப்பிட்டேன். திரும்பக்கூட மாட்டேன்னுட்டீங்க. நான் என்ன செஞ்சேன்?"

"கவனிக்கல ஐரின்."

"நாப்பது பேர்ல ஒருத்தி இருமினாலே கவனிக்கிற ஆளு நீங்க."

சின்ன விஷயத்தை ஊதிப் பெரிதாக்குகிறாள்.

நவம்பர் 24, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து சாப்பிட்டதும் அத்தான் புதிதாக எர்த் குழி தோண்டினார். பின்பக்கம், முருங்கை மரத்துக்கு அந்தப் பக்கம். நெஞ்சு உயரம் தோண்டி, பைப்பை இறக்கி, உப்பும் கரியும் மாறி மாறிப் போட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். ஐம்பத்திரண்டு வயசு. சட்டையைப் பிழிந்தால் ஒரு சொம்பு வியர்வை வரும்.

"இப்பம் கேளு" என்றார்.

கேட்டேன். இரைந்தது.

"கொறஞ்சிருக்கு" என்றேன்.

தலையாட்டிவிட்டுக் குழியை மூடப் போனார்.

நவம்பர் 25, திங்கள்

புது இன்டர்ஃபேஸ் வந்தது. அதுவும் அப்படித்தான். இந்தக் கம்பெனிப் பொருளே இப்படித்தான் போல.

இடது பக்கம் மங்கலாக இருப்பதால் இடது சத்தத்தைக் கூட்டி, வலதோடு சமமாகும்வரை கொண்டுவந்தேன். கம்ப்யூட்டரில் சத்தத்தின் அளவைக் காட்ட இரண்டு கோடு இருக்கிறது. வலது கோடு பாதியில் பச்சையாக நிற்கிறது, இடது கோடு உச்சியில் சிவப்பாக எரிகிறது. சாஃப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடியும் ஏற்றினேன். அப்போதும் சிவப்புதான். கோட்டைப் பார்த்தா பாட்டுக் கற்றுக்கொடுத்தேன் இத்தனை வருடமாக? நான் காதை நம்புகிறவள்.

நவம்பர் 26, செவ்வாய்

நான்கு பார்ட், ஒன்பது பாட்டு, முப்பத்தாறு ஃபைல். கொயரின் வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்பிவிட்டேன்.

நவம்பர் 27, புதன்

காலையிலிருந்து போன் ஓயவில்லை. மஸ்கட்டிலிருந்து, "ஆன்ட்டி, லெஃப்ட் சைடு ரொம்ப ஹை." சென்னையிலிருந்து, "இயர்போன் ஒரு பக்கம் கிழிஞ்சிட்டு, சரியாத்தான் அனுப்பினீங்களா?" ஐரின் வாய்ஸ் மெசேஜே போட்டுவிட்டாள்: "அக்கா, ஒங்க குரல் எடது காதுல மண்டையப் பொளக்கு. வலது பக்கம் இருக்கவங்க பக்கத்து ஊர்ல பாடுத மாதிரி இருக்கு. அத்தான் ஒரு வாட்டி கேட்டுப் பாக்கட்டும்."

எல்லோருக்கும் ஒரே பதில் போட்டேன்: மட்டமான இயர்போனை வாங்காதீர்கள்.

அத்தானைக் கேட்கச் சொல்லவில்லை. அவர் ஹெட்போனை எடுத்தபோது, சார்ஜ் இல்லை என்றேன். அந்த ஹெட்போனுக்குச் சார்ஜே கிடையாது, வயரில் ஓடுவது. அவருக்கும் அது தெரியும். கீழே வைத்துவிட்டார்.

இன்று எழுத வேறு ஒன்றுமில்லை. மனசு சரியில்லை.

நவம்பர் 28, வியாழன்

முழுவதையும் எழுதிவிடுகிறேன். நிறுத்தினால் மறுபடி எழுதமாட்டேன்.

இன்று எங்கள் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பதிலிருந்து கரண்ட் கிடையாது. அத்தான் காலையிலேயே சப்ஸ்டேஷன் போய்விட்டார். பத்து மணிக்குச் செத்துப்போன கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பாட்டுப் பேப்பரில் குறித்துக்கொண்டிருந்தேன். ஃபேன் நின்றிருந்தது. ஃபிரிட்ஜ் நின்றிருந்தது. அடுத்த வீட்டு மோட்டார், எதிர்வீட்டு டிவி, மாவு மில், எல்லாம் நின்றிருந்தன.

அந்த இரைச்சல் நிற்கவில்லை.

முதலில் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினேன். அப்புறம் இன்டர்ஃபேஸை. எல்லாப் பிளக்கையும் பிடுங்கி நடுக் கூடத்தில் குவித்தேன். வாசலுக்குப் போனேன், இரைந்தது. பின்பக்கம் போய் எர்த் குழிமேல் நின்றேன், அங்கேயும் இரைந்தது. என்னோடு கூடவே வந்துகொண்டிருந்தது அது.

அத்தானுக்குப் போன் போட்டேன்.

"ஏங்க, எங்கயாவது லைன் ஓடுதா? ஒரு வீட்டுக்காவது?"

"ஒரு பொட்டு கரண்ட் கெடையாது. ஏன்?"

"அப்பம் ஏன் இரையுது?"

அவருக்குப் பின்னால் ஆட்கள் ஏணியைப் பற்றி ஏதோ கத்திக்கொண்டிருந்தார்கள்.

"நான் வாறேன்" என்றார். பராமரிப்பு நாளில் ஃபோர்மேன் பாதியில் இறங்கி வந்து நான் பார்த்ததே இல்லை. பதினைந்து நிமிடத்தில் வந்துவிட்டார். கூடத்தில் குவிந்திருந்த வயரைப் பார்த்தார். அதற்குள்ளிருந்து ஹெட்போனை உருவி எடுத்துத் தன் போனில் சொருகினார். போனில்தான் சார்ஜ் இருக்கிறதே. நான் அனுப்பிய ஃபைல் எதையும் போடவில்லை, இரண்டு பக்கமும் சமமாக வருகிற சபையில் பாடும் ஒரு பழைய பாமாலைப் பாட்டைப் போட்டார்.

"வேண்டாம்" என்றேன்.

"ஒரு வாட்டி, ஹெப்சி."

அவரே என் தலையில் மாட்டினார். வலது காதில் பாட்டு, இடது காதில் அந்தக் கூ. பிறகு கழற்றி, திருப்பி, மறுபடியும் மாட்டினார். இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

வலது காதில் பாட்டு. இடது காதில் அந்தக் கூ.

அழுதேன். இதை எழுத வெட்கமாக இல்லை. குழந்தை மாதிரி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். சட்டையில் கிரீஸ் வாசனை அடித்தது.

மத்தியானமே இங்கே பக்கத்து வண்ணாரப்பேட்டையில் காது டாக்டரைப் பார்த்தோம், ஒல்லியான சின்னப் பெண். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். இடது காது முறை வந்தபோது வெகுநேரம் பட்டனை அமுக்காமல் உட்கார்ந்திருந்தேன். சோதனை இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்திருந்தேன்.

"எப்பருந்து இப்படி?" என்றார் டாக்டர்.

"நாலஞ்சு நாளா."

"பதினெட்டாம் தேதி காலைல ஆறே முக்கால்ல இருந்து" என்றார் அத்தான்.

அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"காபி கொண்டுட்டு வந்தேன். ஒன் எடது பக்கம் நின்னு மூணு தரம் கூப்பிட்டேன். நீ திரும்பவே இல்ல. வச்சிட்டுப் போய்ட்டேன்."

டாக்டர் மேசைக் காலண்டரை எடுத்து விரல் வைத்து எண்ணினார். பத்து நாள். இது திடீரென்று வருவது, ஏன் வருகிறது என்று பெரும்பாலும் தெரியாது என்றார். முதல் சில நாளிலேயே மருந்து தொடங்கினால் நல்ல வாய்ப்பாம். இரண்டு வாரத்துக்குள் என்றால் கொஞ்சம் உண்டாம். அதற்குப் பிறகு சொல்வதற்கில்லையாம். "இப்பவாவது வந்தீங்களே" என்றார். அந்த 'இப்பவாவது' நெஞ்சில் குத்திக்கொண்டு நிற்கிறது.

ஆட்டோவில் அவரைக் கேட்டேன், "தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொல்லிட்டா நெசமாயிருமோன்னு பயந்தேன்."

"அப்பம் அந்த எர்த் குழி?"

"நீ கேட்டியே. வேற என்ன செய்யத் தெரியும் எனக்கு?"

ஸ்பீக்கரை மாற்றினேன், வயரை மாற்றினேன், சுவரை மாற்றினேன், ஓர் அப்பாவிக் கடைக்காரரிடம் பொய் சொல்லிப் பெட்டியையும் மாற்றினேன். பத்து நாளும் எல்லாவற்றுக்கும் நடுவில் நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 29, வெள்ளி

அத்தான் காபியை வைத்துவிட்டுப் போனார். மாத்திரை எட்டு, மொத்தமாக.

ஹக்கீமுக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "ஐயோ மேடம், அன்னைக்கே வீடியோ கால் போட்டு, மாத்தி மாட்டுங்கன்னு சொல்லியிருக்கணும் நான். பொருள் கெடக்கட்டும், மொதல்ல காதப் பாருங்க" என்றார். வலது காதில் வைத்துத்தான் கேட்டேன். பத்து நாளாகவே அப்படித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

டிசம்பர் 2, திங்கள்

காதுக்குள்ளேயே ஊசி. சவ்வைத் துளைத்துக்கொண்டு போகிறது. கேட்காத காதில் இவ்வளவு வலிக்குமா?

டிசம்பர் 3, செவ்வாய்

காபி வைத்துவிட்டுப் போனார். மாத்திரையால் கோரப் பசி. ஆறு தோசை. ஒன்றும் கேட்கவில்லை.

டிசம்பர் 5, வியாழன்

இரண்டாவது ஊசி. மருந்து தொடங்கிய நாளிலிருந்து எண்ணுவதா, காது போன நாளிலிருந்து எண்ணுவதா என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். எப்படி எண்ணினாலும் பயமாக இருக்கிறது. ஒன்று போனது, இன்னொன்றும் போனால்? இந்த வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

டிசம்பர் 7, சனி

பயிற்சியில் சோப்ரானோவில் ஒரு பெண் மூன்றாவது அடியில் தப்பாகப் பாடியிருக்கிறாள். எனக்குத் தெரியவில்லை. நான் கையை வீசிக்கொண்டே போனேன். பாட்டு முடிந்ததும் ஐரின் என்னையே பார்த்தாள். அந்தப் பெண்ணும் பார்த்தாள், திட்டு விழுமென்று காத்துக்கொண்டிருந்தாள்.

பேப்பரை மூடினேன். "எனக்கு எடது காது கேக்கல. மருந்து எடுக்கேன். வருமா வராதான்னு தெரியாது" என்றேன். குரல் நடுங்கிவிட்டது. பத்தொன்பது வருடமாக இவர்களை நடுங்க வைத்தவள் நான்.

பிறகு ஐரின், "அப்பம் நாங்க வலது பக்கம் வந்து நிக்கோம்" என்றாள். அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் வலது பக்கம் ஃபேனுக்குக் கீழே நிற்பது பேஸ்காரர்கள். நகர மாட்டோம் என்றார்கள். அரைமணி நேரம் சண்டை. என் காதை எல்லோரும் மறந்தே போனார்கள். கடைசியில் அத்தான் ஃபேனை விட்டுக்கொடுத்து இடது பக்கம் வந்தார், மற்றவர்கள் முனகிக்கொண்டே பின்னால் வந்தார்கள்.

டிசம்பர் 10, செவ்வாய்

முப்பத்தாறு ஃபைலையும் மறுபடி செய்தேன். இடது வலது என்று பிரிக்கவில்லை. இரண்டு காதிலும் ஒரே சத்தம், அவரவர் பார்ட் கொஞ்சம் தூக்கலாக, அவ்வளவுதான். இந்தத் தடவை கோட்டைப் பார்த்துச் செய்தேன். இரண்டு கோடும் ஒரே உயரத்தில் பச்சையாக நின்றன. அத்தான் ஹெட்போனில் கேட்டுவிட்டுத்தான் அனுப்பினார்.

டிசம்பர் 16, திங்கள்

கடைசி ஊசி. இனி இருபத்தேழாம் தேதி சோதனை. அன்று இருப்பதுதான் ஏறத்தாழ நிலைக்கும் என்றார் டாக்டர்.

கூ நிற்கவில்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

கேரல் சர்வீஸ் முடிந்தது. நாற்பது பேரும் வந்தார்கள். வலது பக்கம் கேட்டதை வைத்துக்கொண்டு, இடது பக்கம் அத்தானின் வாயைப் பார்த்துக்கொண்டு நடத்தினேன். எங்கோ தப்பு நடந்திருக்கும். எங்கே என்று எனக்குத் தெரியாது, இனி தெரியாமலே போகலாம்.

டிசம்பர் 24, செவ்வாய்

காலையில் மேசையில் உட்கார்ந்து நன்றிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். ஹக்கீமுக்கும் ஒன்று. இடது பக்கம் என்னவோ இருந்தது. தலையணைக்குள் வாயை வைத்து யாரோ பேசினதுபோல. திரும்பினேன்.

அத்தான் காபியோடு நின்றிருந்தார். காபி டவராவில் கொட்டிக்கொண்டிருந்தது.

"கேட்டுச்சா?"

"என்ன கேட்டுச்சா?"

"கூப்பிட்டேன்லா!" என்றார். "ஆஸ்பத்திரி போன மறுநாள்லருந்து தெனமும் இதே எடத்துல நின்னு கூப்பிடுதேன். நீ திரும்பல. வச்சிட்டுப் போய்ருவேன்."

இருபத்தாறு காலை. காபியை வைத்துவிட்டுப் போனார் என்று நானே எழுதி வைத்திருக்கிறேன்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. நிழலைப் பார்த்துத் திரும்பியிருப்பேனோ, காபி வாசனைக்குத் திரும்பியிருப்பேனோ? "மறுபடி கூப்பிடுங்க" என்றேன். அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கண்ணை மூடி, வலது காதை விரலால் இறுக்கி அடைத்துக்கொண்டேன். கூ இரைந்துகொண்டிருந்தது. காத்திருந்தேன்.

மூன்று தரம் கூப்பிட்டேன் என்றார். எனக்கு இரண்டு கேட்டது.